தசமபாகம்: விவிலியப் பொருளும் தமிழ்ச் சபைகளின் வழக்கமும்

தசமபாகம் என்பது விளைச்சலிலோ வருமானத்திலோ பத்தில் ஒரு பங்கை இறைவனுக்கென்று ஒதுக்கிக் கொடுக்கும் வழக்கம். ‘தசம’ என்றால் பத்தாவது, ‘பாகம்’ என்றால் பங்கு. சீர்திருத்தச் சபையினர் பயன்படுத்தும் தமிழ் வேதாகமத்தில் ‘தசமபாகம்’ என்ற சொல்லே உள்ளது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘பத்தில் ஒரு பங்கு’ என்று எழுதுகிறது. எபிரேய மொழியின் ‘மாசேர்’, கிரேக்க மொழியின் ‘தெகாதே’ ஆகிய மூலச் சொற்களுக்கும் பத்தில் ஒன்று என்பதே பொருள்.

இன்றைய கிறிஸ்தவர்கள் தசமபாகம் கொடுக்கக் கடமைப்பட்டவர்களா என்ற கேள்வி தமிழகத்தின் எல்லாச் சபைகளிலும் எழுகிறது. வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, திண்டுக்கல் சமவெளி போன்ற பகுதிகளில் அதற்குத் தனி அழுத்தம் உண்டு. இங்குள்ள கிறிஸ்தவர்களில் பலர் நிலமில்லாதவர்கள். தென்னந்தோப்பு, வாழைத் தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், மல்லிகைத் தோட்டம் ஆகியவற்றில் அன்றாடக் கூலிக்கு வேலை செய்பவர்கள். நாளுக்கு நாள் மாறும் கூலியில் பத்தில் ஒன்று என்பதை எதைக் கொண்டு கணக்கிடுவது, அப்படிக் கொடுப்பதைத்தான் விவிலியம் கேட்கிறதா என்பவை அவர்களுடைய அடுப்பைத் தொடும் கேள்விகள். அவற்றுக்கு விடை தேட, விவிலியத்தில் தசமபாகம் யாரால், எதிலிருந்து, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும், தமிழ்ச் சபைகள் தங்கள் செலவை எவ்வாறு தாங்கின என்பதையும் அறிய வேண்டும்.

மோசேக்கு முன்

பத்தில் ஒன்று கொடுப்பது இஸ்ரயேலர் மட்டுமே அறிந்த வழக்கம் அன்று. பண்டைய மேற்காசியாவில் கோயில்களுக்கும் அரசர்களுக்கும் இப்படிப் பங்கு கொடுக்கப்பட்டது. விவிலியத்தில் இதைப் பற்றிய முதல் குறிப்பு ஆதியாகமம் 14-ஆம் அதிகாரத்தில் வருகிறது. போரில் வென்று திரும்பும் ஆபிராம், சாலேமின் அரசனும் குருவுமான மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிறார். அது போரில் கிடைத்த பொருளிலிருந்து கொடுக்கப்பட்டது என்று எபிரெயர் நிருபம் (7:4) சொல்கிறது. அவர் ஆண்டுதோறும் கொடுத்ததாகக் குறிப்பு இல்லை. இரண்டாவது குறிப்பு யாக்கோபு பெத்தேலில் செய்த பொருத்தனை (ஆதியாகமம் 28:22). தான் நலமாகத் திரும்பி வந்தால் கிடைப்பதில் பத்தில் ஒன்று கொடுப்பதாக அவர் நேர்ந்துகொள்கிறார். இரண்டும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து செய்தவை அல்ல. முதலாவது நன்றியால் கொடுத்தது, இரண்டாவது நேர்த்திக்கடன்.

மோசேயின் சட்டத்தில்

தசமபாகம் சட்டமாவது மோசேயின் நூல்களில்தான். அங்கே அது மூன்று வகையாகப் பேசப்படுகிறது.

முதல் வகை லேவியருக்கு உரியது. நிலத்தின் தானியத்திலும் மரத்தின் கனியிலும் ஆடுமாடுகளிலும் பத்தில் ஒன்று ஆண்டவருக்கு உரியது என்கிறது லேவியராகமம் (27:30-33). விளைபொருளுக்குப் பதிலாகப் பணமாகக் கொடுக்க விரும்புபவர் அதன் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். எண்ணாகமம் 18-ஆம் அதிகாரம் இந்தப் பங்கு யாருக்கு என்று சொல்கிறது. பன்னிரண்டு கோத்திரங்களுக்கு நிலம் பிரிக்கப்பட்டபோது லேவி கோத்திரத்தாருக்கு விளைநிலப் பங்கு தரப்படவில்லை. வழிபாட்டுப் பணி அவர்களுடையது. அந்தப் பணிக்கும் நிலமில்லாமைக்கும் ஈடாகத் தசமபாகம் அவர்களுக்குத் தரப்பட்டது. லேவியரும் தாங்கள் பெற்றதில் பத்தில் ஒன்றைக் குருக்களுக்குக் கொடுக்க வேண்டும். நம்மூர்க் கணக்கில் சொன்னால், ஒரு களத்தில் 100 கலம் நெல் கண்டால் 10 கலம் லேவியருக்கு, அதிலிருந்து 1 கலம் குருவுக்கு.

இரண்டாவது வகை இன்று பலருக்கு வியப்பூட்டுவது. உபாகமம் 14:22-27-இன்படி, இந்தப் பங்கைக் கொண்டுசென்றவரே தம் குடும்பத்தோடு வழிபாட்டு இடத்தில் உண்டு மகிழ வேண்டும். வழி தொலைவாக இருந்தால் விளைச்சலை விற்றுப் பணமாக எடுத்துச் சென்று, அங்கே விரும்பிய உணவை வாங்கிக்கொள்ளலாம். ஊரில் உள்ள லேவியனையும் அந்த விருந்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோயில் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பொங்கலிட்டுக் கூடி உண்ணும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் காட்சி எளிதில் புரியும்.

மூன்றாவது வகை ஏழைகளுக்கு உரியது. ஒவ்வொரு மூன்றாம் ஆண்டின் தசமபாகத்தையும் அந்தந்த ஊரிலேயே சேர்த்து வைக்க வேண்டும். லேவியரும் அந்நியரும் திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் வந்து வயிறார உண்ண வேண்டும் (உபாகமம் 14:28-29, 26:12). இந்தப் பங்கு எருசலேமுக்குப் போவதில்லை.

இவை மூன்றும் ஒரே தசமபாகத்தின் வெவ்வேறு வடிவங்களா, தனித்தனியானவையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிற்கால யூத ரபீக்கள் இவற்றைத் தனித்தனியாகவே கணக்கிட்டனர். முதல் தசமபாகம் ஆண்டுதோறும் லேவியருக்கு. ஏழாண்டுச் சுற்றில் 1, 2, 4, 5-ஆம் ஆண்டுகளில் இரண்டாவது தசமபாகம் எருசலேமில் உண்பதற்கு. 3, 6-ஆம் ஆண்டுகளில் அது ஏழைகளுக்கு. ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு. விதைப்பும் இல்லை, தசமபாகமும் இல்லை. இந்தக் கணக்கில், பிற முதற்பலன்களை நீக்கிப் பார்த்தாலும், ஓர் உழவர் 100 கலத்தில் ஏறத்தாழ 19 கலம் கொடுத்தார். ‘விவிலியத் தசமபாகம் சரியாகப் பத்து விழுக்காடு’ என்ற பொதுவான எண்ணம் இந்தக் கணக்கோடு பொருந்தாது.

இந்தச் சட்டங்களில் ஒரு செய்தி தெளிவாக உள்ளது. தசமபாகம் கேட்கப்படுவது தானியம், திராட்சை, எண்ணெய், ஆடுமாடு ஆகியவற்றிலிருந்து. அதாவது நிலமும் மந்தையும் உடையவர்களிடமிருந்து. கூலியாளின் கூலியில் பத்தில் ஒன்று கேட்கும் கட்டளை மோசேயின் சட்டத்தில் இல்லை. பண வருமானத்தில் பத்தில் ஒன்று ஒதுக்கும் யூத வழக்கம் பிற்காலத்தில் வளர்ந்தது. நிலமற்ற அந்நியரும் விதவையும் அநாதையும் சட்டத்தில் தசமபாகத்தைப் பெறுபவர்களாகவே வருகிறார்கள்.

தீர்க்கர்களின் குரல்

தசமபாகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இஸ்ரயேலர் தங்களுக்கு அரசன் வேண்டும் என்று கேட்டபோது, அவன் தானியத்திலும் மந்தையிலும் பத்தில் ஒன்றை எடுத்துத் தன் அதிகாரிகளுக்குக் கொடுப்பான் என்று சாமுவேல் எச்சரிக்கிறார் (1 சாமுவேல் 8:15-17). இறைவனுக்குக் கொடுத்தால் வழிபாடாகவும் அரசன் பிடுங்கினால் சுமையாகவும் அதே பத்தில் ஒன்று காட்டப்படுகிறது. ஏழைகளை நசுக்கிக்கொண்டே தசமபாகத்தை ஒழுங்காகக் கொண்டுவந்த வடநாட்டுச் செல்வர்களை ஆமோஸ் ஏளனம் செய்கிறார் (4:1-4).

இன்று அதிகம் மேற்கோள் காட்டப்படும் பகுதி மல்கியா 3:8-10. மக்கள் தசமபாகத்தில் கடவுளை வஞ்சித்ததாகவும், அதை முழுமையாகப் பண்டசாலைக்குக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்றும் அது பேசுகிறது. இதன் பின்னணியைப் புரிந்துகொள்ள நெகேமியா நூல் உதவுகிறது. பங்கு வந்து சேராததால் லேவியர் வழிபாட்டுப் பணியை விட்டுவிட்டு வயல் வேலைக்குப் போய்விட்டார்கள். நெகேமியா அவர்களைத் திரும்ப அழைத்து, பண்டசாலைக்கு நம்பகமான பொறுப்பாளர்களை நியமித்தார் (நெகேமியா 13:10-13). பண்டசாலை என்பது தானியக் களஞ்சியம். அங்கு சேர்ந்தது உணவு. அது பங்கிட்டுக் கொடுப்பதற்காகச் சேர்க்கப்பட்டது.

மல்கியாவின் அதே அதிகாரத்தில், இந்தப் பகுதிக்குச் சற்று முன்னே, இன்னொரு குற்றச்சாட்டு இருக்கிறது. கூலிக்காரரின் கூலியை அபகரிப்பவர்கள், விதவையையும் திக்கற்றவரையும் ஒடுக்குபவர்கள், அந்நியரின் உரிமையைப் புரட்டுபவர்கள் ஆகியோர் மீது தீர்ப்பு வரும் என்கிறது 3:5. மேடைகளில் எட்டாம் வசனத்தைக் கேட்டவர்கள் ஐந்தாம் வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தசமபாகத்தை நிறுத்திவைப்பதும் கூலியை நிறுத்திவைப்பதும் மல்கியாவின் ஒரே குற்றப்பத்திரிகையில் உள்ளவை.

புதிய ஏற்பாட்டில்

இயேசு தசமபாகத்தைப் பற்றிப் பேசும் இடங்கள் மிகச் சில. புதினா, சீரகம் போன்ற சிறு செடிகளிலும் பத்தில் ஒன்று எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்ட பரிசேயரை அவர் கண்டிக்கிறார் (மத்தேயு 23:23). முன்னதைச் செய்ய வேண்டியதுதான், பின்னதை விடக்கூடாது என்பது அவர் வாதம். ‘இயேசு தசமபாகத்தை அங்கீகரித்தார்’ என்பவர்கள் இந்த வசனத்தையே காட்டுகிறார்கள். அவர் எருசலேம் ஆலயம் நின்றிருந்த காலத்தில், மோசேயின் சட்டத்துக்கு உட்பட்ட யூதர்களிடம் பேசினார் என்பது மறுதரப்பின் விடை. மற்றோரிடத்தில், தசமபாகம் கொடுப்பதைச் சொல்லிப் பெருமை கொள்ளும் பரிசேயனைவிட, மார்பில் அடித்துக்கொண்ட வரி வசூலிப்பவனே நீதிமானாகத் திரும்பினான் என்கிறார் (லூக்கா 18:9-14).

மாற்கு 7:9-13-இல் உள்ள ‘கொர்பான்’ பகுதியும் இங்கே முக்கியமானது. பெற்றோருக்குச் செலவிட வேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லி அவர்களைக் கைவிடும் வழக்கத்தை இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். வீட்டு முதியோரைப் பட்டினி போட்டுவிட்டுக் கொடுக்கும் காணிக்கைக்கு இதிலிருந்து ஆதரவு கிடைக்காது.

பவுல் தம் சபைகளுக்கு எழுதிய கடிதங்களில் தசமபாகம் என்ற சொல்லே இல்லை. எருசலேமின் ஏழைகளுக்காக அவர் பணம் திரட்டியபோது மூன்று வழிமுறைகளைச் சொன்னார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதை ஒதுக்கி வைக்க வேண்டும் (1 கொரிந்தியர் 16:2). ஒருவரிடம் இருப்பதைப் பொறுத்தே கொடை ஏற்கப்படும், இல்லாததைப் பொறுத்து அல்ல. கொடுப்பவர் துன்பப்பட்டுப் பிறர் சுகப்பட வேண்டும் என்பது நோக்கம் அல்ல, சமநிலையே நோக்கம் (2 கொரிந்தியர் 8:12-14). மனவருத்தமோ கட்டாயமோ இல்லாமல் கொடுக்க வேண்டும் (9:7). திரட்டிய பணத்தை எடுத்துச் செல்லத் தம்மோடு நம்பிக்கைக்குரிய வேறு சகோதரர்களையும் அவர் அனுப்பினார். யாரும் குறை சொல்ல இடம் தராமல் மனிதர் முன்பும் நேர்மையாக நடக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம் (8:18-21). நற்செய்தி அறிவிப்பவர்கள் அந்தப் பணியால் பிழைக்கலாம் என்பதையும் பவுல் ஏற்றுக்கொள்கிறார் (1 கொரிந்தியர் 9:13-14). ஆனால் அதற்கு அவர் விழுக்காடு எதையும் வகுக்கவில்லை.

ஐரோப்பாவில் வரியான கதை

முதல் சில நூற்றாண்டுகளில் திருச்சபைக்குள் தசமபாகம் சட்டமாக இருக்கவில்லை. மிகப் பழைய கிறிஸ்தவ நூல்களில் ஒன்றான ‘திதாக்கே’ முதற்பலனைத் தீர்க்கர்களுக்கும், அவர்கள் இல்லாத ஊரில் ஏழைகளுக்கும் கொடுக்கச் சொல்கிறது. கி.பி. 585-இல் பிரான்சு நாட்டின் மாக்கோன் நகரில் கூடிய சங்கம் தசமபாகம் கொடுக்காதவர்களுக்குச் சபைநீக்கம் என்று விதித்தது. 779-இல் மன்னர் சார்லமேன் அதை அரசு ஆணையாக்கினார். அதன்பின் அது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஐரோப்பிய உழவர்களின் மீது சட்டக் கடமையாக இருந்தது. ஏழைகளுக்கென ஒரு பங்கு ஏட்டில் இருந்தது. நடைமுறையில் பல இடங்களில் தசமபாக உரிமை மடங்களிடமும் நிலப்பிரபுக்களிடமும் சேர்ந்து, வாங்கவும் விற்கவும் கூடிய சொத்தாயிற்று.

பிரெஞ்சுப் புரட்சி 1789-இல் தசமபாகத்தை ஒழித்தது. அயர்லாந்தில் கத்தோலிக்க உழவர்கள் தாங்கள் சேராத ஆங்கிலிக்கன் சபைக்குத் தசமபாகம் கட்ட வேண்டியிருந்தது. 1830களில் அது பெருங்கலவரமாக வெடித்தது. இங்கிலாந்தில் 1836-ஆம் ஆண்டுச் சட்டம் விளைபொருள் தசமபாகத்தைப் பணக் கட்டணமாக மாற்றியது. 1936-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டணத்தையும் முடிவுக்குக் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருந்த கொடை முறைகள்

கிறிஸ்தவ மிஷன்கள் வந்த தமிழ் நிலத்தில் பங்கு கொடுப்பது புதிதல்ல. அரசனுக்கு ஆறில் ஒன்று என்ற பழைய மரபு உண்டு. களத்தில் நெல் தூற்றிப் பொலி குவித்ததும், மேல்வாரம், குடிவாரம் பிரிப்பதற்கு முன்பே கோயிலுக்கும் கிராமத் தொழிலாளர்களுக்கும் அவரவர் ‘சுதந்திரம்’ அளக்கப்பட்டது. வணிகர்களும் சரக்கின் மீது தங்களுக்குத் தாங்களே தீர்வை விதித்துக்கொண்டு கோயில்களுக்குக் கொடுத்தனர். பிரான்மலையில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இதற்குப் புகழ்பெற்ற சான்று. ‘மகமை’ என்ற பெயரில் இது பிற்காலத்திலும் தொடர்ந்தது. விருதுநகர் நாடார்கள் மகமைப் பணத்தில் 1889-இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினர். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை அறத்துக்காக எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கம் இந்துக் குடும்பங்களிலும் உண்டு. இஸ்லாமியரின் ‘உஷ்ர்’ மழையால் விளைந்த பயிரில் பத்தில் ஒன்றையும், செலவு செய்து நீர் இறைத்து விளைவித்த பயிரில் இருபதில் ஒன்றையும் கேட்கிறது. உழைப்பும் செலவும் கூடினால் பங்கு குறையும் என்பது அதன் தத்துவம்.

கிறிஸ்தவ ஊர்களின் கொடை வழக்கங்கள் இந்த மண்ணின் முறைகளை ஒட்டியே வளர்ந்தன. குமரிக் கடற்கரையின் கத்தோலிக்க ஊர்களில் மீன்பாட்டில் ஒரு பங்கு கோயிலுக்கு உரியதாக இருந்தது; அதை வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது.

மதுரை மிஷனும் வத்தலக்குண்டும்

வத்தலக்குண்டுப் பகுதியில் சீர்திருத்தச் சபைப் பணியைச் செய்தது அமெரிக்கன் மதுரை மிஷன். பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு, யாழ்ப்பாணத்தில் 1816 முதல் நடத்திவந்த பணியின் கிளையாக 1834-இல் மதுரையில் இதைத் தொடங்கியது. 1835-இல் திண்டுக்கல்லில் ஒரு நிலையம் ஏற்பட்டது. பின்னர் வத்தலக்குண்டும் தனி நிலையமாயிற்று. ஜான் எட்வர்டு சேன்ட்லர், ஜார்ஜ் வாஷ்பர்ன் ஆகியோர் இங்கு பணியாற்றினர். சேன்ட்லரின் மகன் ஜான் ஸ்கடர் சேன்ட்லர் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முதல் பதிப்பாசிரியராக இருந்தவர். மதுரை மிஷனின் 75 ஆண்டு வரலாற்றையும் எழுதினார்.

இந்த மிஷன் வந்த காலமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்கன் போர்டு பிறந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சபைப் போதகரின் சம்பளத்துக்காக மக்களிடம் வரி பெறும் முறை 1833-இல்தான் நீங்கியது. அடுத்த ஆண்டே மதுரைப் பணி தொடங்கியது. அவர்களின் பின்னால் தசமபாகம் வசூலிக்கும் அரசும் இல்லை, அரசு மானியத்தில் வாழும் கிராமச் சபையும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் செலவில் வைத்திருந்த குருமார் ஐரோப்பியருக்காக வைக்கப்பட்டவர்கள். ஆகவே தமிழ்க் கிராமச் சபையின் செலவு அமெரிக்கக் கொடையாளர்களிடமிருந்து வர வேண்டும், அல்லது அந்தச் சபையினரிடமிருந்தே வர வேண்டும்.

அமெரிக்கன் போர்டின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1855-இல் மதுரை மிஷனை நேரில் பார்வையிட்டார். உள்ளூர்ச் சபைகள் தம்மைத் தாமே தாங்க வேண்டும், ஆள வேண்டும், பரப்ப வேண்டும் என்பது அவருடைய கொள்கை. திருநெல்வேலியில் பணியாற்றிய சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளர் ஹென்றி வென் என்பவரும் இதே கருத்தை வலியுறுத்தினார். இவற்றில் முதல் சொல்லான ‘தாங்குதல்’தான் மிகக் கடினமாக இருந்தது. கிராமச் சபையினர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஏழைகள். கூலி பாதி தானியமாகவும் பாதி கடன் கழிவாகவும் கிடைக்கும் குடும்பத்தில் ‘வருமானம்’ என்ற ஒற்றை எண் கிடையாது. மிஷனிடமிருந்து மாதச் சம்பளம் பெற்ற உபதேசியாருக்கும் ஆசிரியருக்கும் பத்தில் ஒன்றைக் கணக்கிடுவது எளிது. களத்துமேட்டுக் கூலியாளுக்கு அது இயலாதது.

அவர்களுக்கு ஏற்ற வழி அடுப்படியிலேயே இருந்தது. உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவரும் கைப்பிடி அரிசி முறை தென்தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் பரவியது. அன்று சமையல் இருந்தால் பிடி அரிசி உண்டு. அடுப்பு எரியாத நாளில் கடமையும் இல்லை. கையில் காசு புழங்காத பெண்கள் இதில் முதன்மைக் கொடையாளர்கள் ஆனார்கள். ஒரு தென்னையையோ பனையையோ ஆலயத்துக்கென்று நேர்ந்துவிடுதல், முதல் ஈற்றுக் குட்டியையும் முதல் முட்டைகளையும் கொடுத்தல், அறுப்பின் பண்டிகையில் விளைச்சலைக் கொண்டுவந்து ஏலம் விடுதல் ஆகியவையும் வேரூன்றின. இன்றும் பல ஊர்களில் ஏலத்தில் ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போவதைக் காணலாம்.

திருநெல்வேலியில் ரேனியஸ் ஐயர் காலத்தில் 1830-ஐ ஒட்டித் தொடங்கிய தர்ம சங்கம் இதன் இன்னொரு கிளை. கிறிஸ்தவரானதற்காக விரட்டப்பட்டவர்கள் குடியேற நிலம் வாங்குவது அதன் பணிகளுள் ஒன்று. அந்த மண்ணில் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வி. எஸ். அசரியா, 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமானவர். தமிழரின் காணிக்கையால் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பணி நடந்தது. 1912-இல் தோர்ணக்கல் பேராயராகி, அங்கிருந்த ஏழைத் தலித் சபைகளிலும் கைப்பிடி அரிசியை ஊக்குவித்தார். வறியவருக்கும் கொடுக்கும் மதிப்பு உண்டு என்று அவர் நம்பினார். கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலும் எழுதினார். மிசோரத்தில் 1910-இல் தொடங்கிய இதேபோன்ற பிடியரிசி முறை இன்றளவும் அங்குள்ள பிரெஸ்பிட்டேரியன் சபையின் பணிகளைத் தாங்குகிறது.

மதுரை மிஷனின் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், அதன் வழியே 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. அவை இப்போது மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தில் அடங்கும்.

தசமபாகப் போதனை வலுப்பெற்ற விதம்

‘ஒவ்வொரு விசுவாசியும் வருமானத்தில் பத்தில் ஒன்று’ என்ற இன்றைய வடிவம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அமெரிக்காவில் உருவானது. அரசு வரியும் ஆலய இருக்கை வாடகையும் நீங்கிய சபைகளுக்கு மாற்று வருமானம் தேவைப்பட்டது. சிகாகோ வணிகர் தாமஸ் கேன் 1870களிலிருந்து தசமபாகத் துண்டறிக்கைகளை இலட்சக்கணக்கில் வெளியிட்டார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபை தசமபாகத்தை ஊழியர் சம்பளத்துக்கான ஒழுங்கான முறையாக்கியது. 20-ஆம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகள் தமிழகத்தில் பெருகியபோது இந்தப் போதனையும் ஊன்றியது. வெளிநாட்டு மானியமோ பழைய நிலச் சொத்தோ இல்லாத அந்தச் சபைகள் தசமபாகத்தால்தான் வாடகை கட்டின, போதகர் குடும்பத்தைக் காத்தன, கூரை வேய்ந்தன. அதை மறந்துவிட்டு அவற்றைக் குறை கூறுவது நியாயமாகாது.

சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் சந்தா, காணிக்கை, பண்டிகைப் படைப்பு ஆகியவையே வழக்கமான முறைகள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (எண் 222) திருச்சபையின் தேவைகளுக்கு உதவும் கடமையைச் சொல்கிறது; விழுக்காடு குறிப்பிடுவதில்லை.

இன்றைய மூன்று நிலைப்பாடுகள்

1. தசமபாகம் இன்றும் கட்டளை. ஆபிரகாம் மோசேயின் சட்டத்துக்கு முன்பே கொடுத்தார். இயேசு அதை மறுக்கவில்லை. ஆகவே சட்டம் நீங்கினாலும் இது நீங்காது.

2. தசமபாகம் கட்டளை அன்று, நல்ல அளவுகோல். வசதியுள்ளவர் பத்தில் ஒன்றில் தொடங்கி அதற்கு மேலும் கொடுக்கலாம். இயலாதவர் குறைவாகக் கொடுப்பது குற்றமாகாது.

3. தசமபாகம் லேவியரோடும் ஆலயத்தோடும் முடிந்தது. எபிரெயர் 7-ஆம் அதிகாரம் லேவியக் குருத்துவம் மாறியதால் சட்டமும் மாறியது என்கிறது. இனி உள்ளது மனமுவந்த கொடை மட்டுமே.

முதல் நிலைப்பாட்டின் வலு அதன் ஒழுங்கில் உள்ளது. ஆனால் ஆபிரகாமின் செயலை மாதாந்தரக் கடமையாக நீட்டுவதற்கு உரையில் இடமில்லை. மூன்றாவது நிலைப்பாடு பவுலின் சொற்களுக்கு நெருக்கமானது. ஆனால் மாதம் இலட்ச ரூபாய் வாங்குபவர் பத்து ரூபாய்த் தாளைத் தட்டில் போட்டுவிட்டு ‘மனமுவந்து’ என்று சொல்லவும் அது வழிவிடுகிறது. இரண்டாவது நிலைப்பாட்டையே பல சபைகளின் போதகர்கள் நடைமுறையில் கைக்கொள்கிறார்கள்.

மதிப்பீடு

எந்த நிலைப்பாட்டை ஏற்றாலும், தசமபாகத்தைக் கேட்பவர் அதன் முழுச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவராகிறார். சட்டத்தில் மூன்றாம் ஆண்டின் பங்கு ஊரின் ஏழைக்கு உரியது. அப்படியானால் சபைக்கு வரும் பணத்தில் விதவைகளுக்கும் திக்கற்ற பிள்ளைகளுக்கும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளருக்கும் எவ்வளவு போகிறது என்று கேட்பது விவிலியம் சார்ந்த கேள்வியே. பண்டசாலைக்கு நெகேமியா பொறுப்பாளர்களை வைத்தார். பவுல் சாட்சிகளோடு பணத்தை அனுப்பினார். ஆகவே ஆண்டுக் கணக்கைச் சபையார் முன் வாசிப்பதும் தசமபாகப் போதனையின் பகுதியே ஆகும்.

கொடுப்பவருக்கும் இது பொருந்தும். தோப்பும் கடையும் மாதச் சம்பளமும் உள்ளவருக்குப் பத்தில் ஒன்று என்பது கடினமான அளவு அல்ல. தம்மிடம் வேலை செய்பவரின் கூலியை நிறுத்திவைக்காமல் கொடுத்த பிறகே அது காணிக்கையாகும் என்பது மல்கியாவின் அதிகாரத்தை முழுமையாக வாசிப்பவர் பெறக்கூடிய பாடம். பூப்பறிக்கும் கூலியிலும் நூறுநாள் வேலையிலும் குடும்பத்தை ஓட்டுபவர் தசமபாகம் கொடுக்காததால் சாபத்துக்கு உள்ளாவார் என்று சொல்ல மோசேயின் சட்டத்தில் ஆதாரம் இல்லை. அவர் அச்சத்தால் வட்டிக்கு வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. அன்புடன் கொடுக்க விரும்பினால், அவருடைய பாட்டியின் காலத்துக் கைப்பிடி அரிசி அதற்கு ஏற்ற அளவு. கைக்கு ஏற்ற அந்தப் பிடி, இருப்பதைப் பொறுத்தே கொடை ஏற்கப்படும் என்று பவுல் கொரிந்து சபைக்குச் சொன்ன அளவோடு ஒத்துப்போகிறது.